பத்து தீகாவிலிருந்து செப்பாங் வரை: சாலையை விட்டு இறங்கிய கார் பந்தயம்

கார் பந்தயம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. அதற்கு இத்தனை நிலமும் இத்தனை செலவும் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். கேள்வியில் நியாயம் உண்டு. வீடு வாங்க வழி தெரியாமல் இளந்தம்பதியர் தவிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஆண்டில் சில நாள்கள் மட்டுமே கூட்டம் நிறையும் ஒரு பந்தயத் தடம் தேவைதானா? இதற்கு விடை காண, இந்நாட்டுக் கார் பந்தயத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூச்சோங் மக்களுக்கு இந்த வரலாறு வெகு தொலைவில் இல்லை. பூச்சோங்கிற்கு வடமேற்கே, கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பத்து தீகா. தெற்கே, அனைத்துலக விமான நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது செப்பாங். பத்து தீகாவில் ஒரு காலத்தில் பந்தயக் கார்களின் இரைச்சல் கேட்டது. பிறகு அந்தத் தடம் வீட்டுமனைத் திட்டத்திற்கு வழிவிட்டது. செப்பாங் தடம் இன்றும் இருக்கிறது. இந்த இரண்டு தடங்களுக்கும் இடையே நடந்ததுதான் நம் நாட்டின் வருடாந்தரக் கார் பந்தய வரலாறு.

டூரிங் கார் என்பது எது?

கார் பந்தயம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது பார்முலா ஒன். கூரை இல்லாத, ஒருவர் மட்டும் அமரக்கூடிய, சாலையில் ஓட்டவே முடியாத வாகனங்கள் அவை. டூரிங் கார் பந்தயம் வேறு வகை. கடையில் விற்கும் கார்தான் அங்கே ஓடுகிறது. கூரை, கதவு, வெளித்தோற்றம் எல்லாம் நம் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போலவே இருக்கும். உள்ளே மட்டும் மாற்றம். பின்னிருக்கைகளைக் கழற்றிவிடுவார்கள். கார் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காதபடி இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டுவார்கள். பிரேக், டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பந்தயத்திற்கு ஏற்ப மாற்றுவார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு விதிகள் உண்டு.

இந்த வகைப் பந்தயத்தைப் பார்ப்பவர், தாம் ஓட்டும் காரே ஓடுவதைப் பார்க்கிறார். தயாரிப்பாளருக்கோ அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாத்தர்ஸ்ட் பந்தயம் இப்படித்தான் பிறந்தது. 1960இல் பிலிப் தீவில் 500 மைல் பந்தயமாகத் தொடங்கி, 1963இல் பாத்தர்ஸ்ட் நகரின் மவுண்ட் பனோரமா மலைக்கு மாறியது. உள்நாட்டில் விற்கப்படும் கார்கள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்று காட்டுவதே அதன் நோக்கம். 1973 முதல் அது 1000 கிலோமீட்டர் பந்தயம் ஆனது. ஹோல்டன் காரா, போர்டு காரா என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும் அளவுக்கு அது அந்நாட்டு மக்களின் விழாவாகிவிட்டது. ஹோல்டன் கார்த் தயாரிப்பு 2017இல் அங்கே நின்றுபோன பிறகும் பந்தயம் நிற்கவில்லை.

சாலையே தடமாக இருந்த காலம்

நம் வட்டாரத்தில் பந்தயம் தொடங்கியது பொதுச் சாலையில். 1940ஆம் ஆண்டிலேயே ஜொகூர் பாருவின் தெருக்களில் ஜொகூர் கிராண்ட் பிரி நடந்தது. 1961இல் சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் ஒரு பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதற்கு மலேசிய கிராண்ட் பிரி என்று பெயர் வந்தது. மலேசியா என்ற நாடு பிறந்தது 1963 செப்டம்பர் 16இல்தான். ஆக, நாடு பிறப்பதற்கு முன்பே நாட்டின் பெயரில் பந்தயம் பிறந்துவிட்டது.

தாம்சன் சாலைத் தடத்தின் நீளம் சுமார் 4.8 கிலோமீட்டர். மற்ற நாள்களில் பேருந்தும் லாரியும் ஓடும் சாலை அது. பந்தய நாளில் தடுப்பு வைத்து மூடுவார்கள். ஓரத்தில் மரங்கள், விளக்குக் கம்பங்கள், பெருமழைக்கால்வாய்கள். ஆபத்தான ஒரு வளைவுக்கு ‘பிசாசு வளைவு’ என்றே பெயர். 1962 பந்தயத்தில் வென்றவர் யோங் நாம் கீ. அவர் ஓட்டியது ஜாகுவார் இ-டைப், சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்பட்ட கார். 1963இலும் 1965இலும் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பூன் லோட்டஸ் காரில் வென்றார். 1964ஆம் ஆண்டுப் பந்தயம் கொட்டும் மழையால் பாதியிலேயே கைவிடப்பட்டது.

பிறகு அரசியல் குறுக்கிட்டது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. தாம்சன் சாலை இப்போது இன்னொரு நாட்டின் சாலை. 1966 முதல் அங்கே நடந்தது சிங்கப்பூர் கிராண்ட் பிரி. மலேசியாவுக்கோ பந்தயத்தின் பெயர் இருந்தது, ஓட இடமில்லை.

தாம்சன் சாலைப் பந்தயமும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஓட்டுநர்கள் பலர் அங்கே உயிரிழந்தனர். 1973க்குப் பின் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. சிங்கப்பூரில் மீண்டும் கிராண்ட் பிரி நடக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரப்பர்த் தோட்டத்தின் நடுவே ஒரு தடம்

இந்தப் பின்னணியில்தான் 1968இல் பத்து தீகா தடம் திறக்கப்பட்டது. சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம். பந்தயத்திற்கென்றே கட்டப்பட்டது. லாரி வராது, பள்ளிப் பிள்ளைகள் கடக்கமாட்டார்கள், விளக்குக் கம்பம் குறுக்கே நிற்காது. மலேசிய கிராண்ட் பிரி அங்கே குடிபுகுந்தது.

அன்றைய பத்து தீகாவை இன்றைய கண்ணோடு பார்க்கக் கூடாது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி அது. ஏபர், கிளன்மேரி போன்ற தோட்டப் பெயர்கள் தமிழர்களுக்குப் பழக்கமானவை. அத்தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்தக் காலத்தின் சாட்சிகள். விடியுமுன் பால் மரம் வெட்டப் போன தொழிலாளர் குடும்பங்களுக்கு அருகிலேயே, வார இறுதிகளில் மினி கூப்பரும் ஆல்பா ரோமியோவும் சீறிக்கொண்டிருந்தன. அந்தக் கார்களின் விலைக்கும் அந்தத் தொழிலாளரின் நாள் கூலிக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் நம் மக்களிடையே வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தனித் தடம் கட்டிவிட்டால் போதும், ஆபத்து நீங்கிவிடும் என்று அன்று பலர் நம்பினர். அந்த நம்பிக்கை 1977இல் உடைந்தது. பந்தயத்தின்போது கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து தடத்தை விட்டுப் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சிறுவர்கள் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. பத்து தீகாவில் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன.

அந்தப் பிள்ளைகளின் மரணம் உணர்த்திய பாடம் கசப்பானது. சாலையை விட்டு விலகினால் மட்டும் போதாது. தடத்திற்கும் பார்வையாளருக்கும் இடையே போதிய வெற்றிடம் வேண்டும். கட்டுப்பாட்டை இழந்த காரை மெல்ல நிறுத்தும் சரளைப் பரப்பு வேண்டும். டயர் அடுக்கிய தடுப்பும் உறுதியான வேலியும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். பந்தயத் தடம் ஏன் இவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இங்கே இருக்கிறது.

உலகம் வந்த ஆண்டு

சில காலம் கழித்துப் பத்து தீகாவில் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. அதன் வாழ்நாளில் பெரிய ஆண்டு 1985. அந்த டிசம்பரில் உலகத் தாங்குதிறன் பந்தயத் தொடரின் 800 கிலோமீட்டர் பந்தயம் அங்கே நடைபெற்றது. பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸும் ஜெர்மனியின் யோகன் மாஸும் போர்ஷே 962 காரில் வென்றனர்.

அதே 1985 ஜூலையில்தான், அதே ஷா ஆலமில் இருந்த தொழிற்சாலையிலிருந்து முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. நாட்டுக்குச் சொந்தமாக ஒரு கார். அதே ஊரில் உலகப் பந்தயம். மலேசியர் தம் நாட்டுக் காரிலேயே பந்தயம் ஓட்டும் நிலை அதன் பிறகுதான் வந்தது. வெளிநாட்டுக் கார் வாங்க இயலாத பட்டறைக்காரரும் மெக்கானிக்கும் ஒரு சாகாவையோ, பின்னர் 1994இல் வந்த சத்ரியாவையோ பிரித்துக் கட்டி வரிசையில் நிறுத்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. விளையாட்டின் கதவு அகலத் திறக்காவிட்டாலும், சற்றே திறந்தது.

1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியும் பத்து தீகாவில் நடந்தது. ஆனால் தடத்தைச் சுற்றி இருந்த உலகம் மாறிவிட்டது. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானது. 1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. ஒதுக்குப்புறமாக இருந்த தடம் முப்பதே ஆண்டில் நகரத்தின் நடுவே வந்துவிட்டது. நில விலை ஏறியது. இரைச்சலைப் பொறுக்க அக்கம்பக்கத்தார் தயாராக இல்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பத்து தீகா தடம் மறைந்தது.

செப்பாங்கும் பன்னிரண்டு மணி நேரமும்

1999ஆம் ஆண்டு இரண்டு பாதைகள் திறக்கப்பட்டன. ஒன்று, டாமான்சாரா பூச்சோங் நெடுஞ்சாலை. மற்றொன்று, டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது கட்டப்பட்ட செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம். ஜெர்மானியர் ஹெர்மன் டில்கே வடிவமைத்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த வட்டாரத்தில், முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையத்தின் அருகே இடம் தேர்ந்தெடுத்தார்கள். 1977இன் பாடம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது: தடத்தின் இருபுறமும் அகன்ற வெற்றிடம், பார்வையாளர் மேடைகளோ தள்ளி நிற்கின்றன.

உலகின் கவனம் பார்முலா ஒன் மீது இருந்தது. 1999 அக்டோபரில் முதல் பந்தயம். எடி இர்வைன் வென்றார். 2005இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக அங்கே ஓட்டி 11ஆவதாக வந்தபோது, நம் மக்கள் பலர் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் பார்முலா ஒன் பார்த்தார்கள்.

இந்த ஆரவாரத்தின் பக்கத்தில் இன்னொரு பந்தயம் வளர்ந்தது. சுதந்திர மாதத்தையொட்டி நடந்ததால் அதற்கு மெர்டேக்கா மில்லெனியம் பந்தயம் என்று பெயர். காலம் 12 மணி நேரம். பகலில் கிளம்பும் கார்கள் இரவில்தான் ஓய்வெடுக்கும். அந்த நேரத்துக்குள் அதிகச் சுற்று ஓடியவருக்கே வெற்றி. போர்ஷே போன்ற விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களும் உள்ளூர்ப் பட்டறைகளில் தயாரான ஹோண்டாவும் புரோட்டோனும் ஒரே தடத்தில், வெவ்வேறு பிரிவுகளில் ஓடின.

2009இல் செப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயம் தொடங்கியது. கடையில் விற்கும் வகைக் கார்களை மையமாகக் கொண்ட பந்தயம் இது. கணக்குப் பார்த்தால் 181 சுற்றுகள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பி, மீண்டும் ஜொகூர் பாரு வரை போனால் ஏறத்தாழ எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம், நிற்காத வேகத்தில்.

இத்தகைய பந்தயத்தில் வேகம் மட்டும் வெல்லாது. ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். மூடிய காருக்குள் வெப்பம் ஐம்பது டிகிரியைத் தாண்டும். செப்பாங்கில் மாலை மழை சொல்லாமல் வரும். 2009 பார்முலா ஒன் பந்தயத்தையே அது பாதியில் நிறுத்திவிட்டது. எப்போது டயர் மாற்றுவது, எப்போது எண்ணெய் நிரப்புவது, பிரேக் இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். ஆத்திரப்பட்டு முதல் மணியில் முந்தியவர் ஐந்தாம் மணியில் காரைத் தள்ளிக்கொண்டு நிற்பது வழக்கம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழி பந்தயத்துக்கும் பொருந்துகிறது!

2015இல் மெர்டேக்கா பந்தயத்தின் இடத்தில் செப்பாங் 12 மணி நேரப் பந்தயம் வந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 12 மணி, பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி ஆகியவற்றோடு ஒரே உலகத் தொடரில் அதுவும் இடம்பெற்றது. மறு ஆண்டே, 2017 அக்டோபர் முதல் நாள், பார்முலா ஒன் மலேசியாவிடம் விடைபெற்றது. நடத்துவதற்கான கட்டணம் ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதே 2017இல்தான் டொயோட்டா வியோஸ் கார்கள் மட்டுமே ஓடும் பந்தயத் தொடர் நாட்டில் தொடங்கியது. பார்முலா ஒன் போன பிறகும் சாதாரணக் கார்களின் பந்தயம் மிஞ்சி நின்றதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருவுக்குத் திரும்ப முடியுமா?

உலகில் இன்றும் சாலையில் நடக்கும் பந்தயங்கள் உண்டு. மக்காவில் 1954 முதல் கிராண்ட் பிரியும், 1972 முதல் டூரிங் கார்களுக்கான கியா பந்தயமும் நகரத் தெருக்களில்தான் நடக்கின்றன. பாத்தர்ஸ்ட் தடமும் மற்ற நாள்களில் பொதுச் சாலையே. கோலாலம்பூரும் 2015 ஆகஸ்டில் நகர மையத்தில் ஒரு தெருப் பந்தயம் நடத்திப் பார்த்தது. 2016இல் அது ரத்தானது. பல ஆண்டுப் பழக்கமும் ஊரின் ஒப்புதலும் இருந்தால்தான் தெருப் பந்தயம் நிலைக்கும்.

தமிழகத்திலும் கதை இதே வழியில்தான் போயிற்று. சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. பியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்டது. அப்படி ஓர் இடம் அமைந்ததால்தான் அடுத்த தலைமுறைக்கு முறையான பயிற்சிக்கு வழி பிறந்தது.

பூச்சோங் கேட்க வேண்டிய கேள்வி

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். தடம் தேவையா?

இந்த வரலாறு முழுவதும் பந்தயத்தைப் பொதுச் சாலையிலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சியாகவே இருந்திருக்கிறது. தாம்சன் சாலை, பத்து தீகா, செப்பாங் என்று ஒவ்வோர் அடியும் உயிர்களைக் கொடுத்த பிறகே எடுத்து வைக்கப்பட்டது. செப்பாங்கிலும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை; 2011 அக்டோபரில் இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் மார்கோ சிமோன்செல்லி அங்கே உயிரிழந்தார். ஆனால் அங்கே மருத்துவர் தயாராக நிற்கிறார், தீயணைப்பவர் நிற்கிறார், எதிரே வேறு வாகனம் வருவதில்லை. தடத்தில் இறங்குபவர் ஆபத்தை அறிந்தே இறங்குகிறார்.

நெடுஞ்சாலையில் அப்படியா? நள்ளிரவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைகளில் நடக்கும் திருட்டுப் பந்தயங்களை அறியாதவர் இல்லை. மாட் ரெம்பிட் என்ற சொல்லே அதனால் பிறந்தது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பந்தயத்தில் சாகிறவர் ஓட்டியவர் மட்டுமல்ல. இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியும் சாகிறார். ஆபத்தை அவர் தேடிப் போகவில்லை. அது அவரைத் தேடி வருகிறது.

தடம் திறந்துவிட்டால் திருட்டுப் பந்தயம் தானே ஓயும் என்று சொல்வது மிகைதான். செப்பாங் திறந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அது ஓயவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. செப்பாங் தொலைவு, நுழைவுக்குப் பணம் வேண்டும், பாதுகாப்புக் கூண்டு, தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை என்று செலவு நீள்கிறது. நெடுஞ்சாலையோ வாசலிலேயே இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் விளையாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1994இல் தொடங்கிய கப் பிரி பந்தயம், சிறிய வகை மோட்டார் சைக்கிள்களைக் கொண்டு ஊர் ஊராகச் சென்றது. அந்தப் படியில் ஏறி வந்த ஹாபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோ ஜிபி முதல்நிலைப் பிரிவில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். கார் விளையாட்டில் 2002ஆம் ஆண்டு கரம்ஜித் சிங், கடையில் விற்கும் வகைக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியது புரோட்டோன் கார். நம்மிடையே ஆற்றல் இல்லாமல் இல்லை; ஏறுவதற்குப் படிதான் குறைவு.

பத்து தீகா மறைந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கு இழந்தது ஒரு கார் பந்தயத் தடத்தை மட்டும் அல்ல. பட்டறையில் வேலை செய்யும் இளைஞன் பேருந்தில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் இருந்த ஒரே இடத்தையும்தான். செப்பாங்கைச் சுற்றியும் இப்போது புதிய குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. பத்து தீகாவுக்கு முப்பது ஆண்டில் நேர்ந்தது செப்பாங்கிற்கும் நேரலாம். அப்போது தடம் இன்னும் தெற்கே தள்ளிப் போகுமா, அல்லது பந்தயம் மறுபடி நெடுஞ்சாலைக்கே ஏறுமா என்பதை நில அதிகாரிகளும் நகராட்சிகளும் இன்றே யோசிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை செப்பாங்கில் 181 சுற்று ஓடும் கார்களைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வேகத்தின் மீது ஆசைப்படும் பிள்ளையிடம், அந்த ஆசைக்கு ஓர் இடம் இருக்கிறது, அது நம் வீட்டு முன்னால் ஓடும் சாலை இல்லை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.